30 மி.லி. உண்மையில் 30 மி.லி.தானா? காக்டெய்ல் அளவும் ஜிக்கர் தேர்வும்

750 மி.லி. கொள்ளளவுள்ள ஒரு மதுப் புட்டியை 30 மி.லி. வீதம் அளந்தால் சரியாக 25 ‘ஸ்மால்’ பெக்குகள் கிடைக்கும். அளக்கும் கிண்ணம் 27 மி.லி. மட்டுமே கொள்ளுமானால், அதே புட்டியிலிருந்து 27 பெக்குகள் ஊற்றிய பின்னரும் 21 மி.லி. மிஞ்சி நிற்கும். ஒரு பெக்கில் குறையும் 3 மி.லி. வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஐஸும் சோடாவும் சேர்ந்துவிட்டால் நாவுக்கும் தெரிவதில்லை.

காக்டெய்லில் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கு மதுவுடன் பழச்சாறு, சர்க்கரைப் பாகு, கசப்புச் சாறு எனப் பல பொருள்கள் சேர்வதால், எது குறைந்தது, எது கூடியது என்பதைக் குடிப்பவரால் பிரித்தறிய இயலாது. பெருநகரங்களின் மதுக்கூடங்களில் காக்டெய்ல்கள் வழக்கமாகிவிட்ட இக்காலத்தில், உள்ளங்கையில் அடங்கும் ஜிக்கர் என்னும் சிறு அளவுக் கிண்ணமே வாடிக்கையாளரின் பணம், பானத்தின் சுவை, அருந்தியவரின் பாதுகாப்பு ஆகிய மூன்றுக்கும் பொறுப்பேற்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

இந்தியாவில் 30 மி.லி. ‘ஸ்மால்’ என்றும் 60 மி.லி. ‘லார்ஜ்’ என்றும் வழங்கப்படுகின்றன. ‘பெக்’ என்பது வழக்குச் சொல். சட்டம் ஏற்கும் அலகு மில்லிலிட்டரே. 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன்படி, வணிகத்தில் பயன்படும் எடைக்கற்களும் அளவைகளும் அரசு அலுவலரால் சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட்டிருத்தல் வேண்டும். கொள்ளளவு அளவைகளை 24 மாதங்களுக்கு ஒருமுறை மறு சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும் என 2011-ஆம் ஆண்டின் பொது விதிகள் கூறுகின்றன. மளிகைக் கடையின் எடைக்கல்லுக்குப் பொருந்தும் இந்த நெறி மதுக்கூடத்தின் பெக் கிண்ணத்துக்கும் பொருந்தும்.

ஆகவே, அலங்காரத்துக்காக இணையத்தில் வாங்கப்பட்ட செம்பு நிற ஜிக்கர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், முத்திரை இல்லாவிடில் அதைக் கொண்டு வாடிக்கையாளருக்கு மது அளந்து விற்பது முறையாகாது. வீட்டில் விருந்தினருக்குப் பானம் கலப்பவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அளவில் ஐயம் எழுந்தால் மேசையிலேயே அளந்து ஊற்றும்படி வாடிக்கையாளர் கோரலாம். குறை இருப்பின் மாநில எடையளவுத் துறையிடமோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ முறையிடலாம். ஊற்றிய பின், ஐஸ் கரைந்த பின் எழுப்பப்படும் புகாரை நிரூபிப்பது கடினம் என்பதால், ஊற்றும்போதே கேட்பதுதான் பயன் தரும்.

பிரிட்டனில் இந்த ஒழுங்கு மேலும் இறுக்கமானது. ஜின், ரம், வோட்கா, விஸ்கி ஆகியவற்றை 25 மி.லி. அல்லது 35 மி.லி. அளவிலோ அவற்றின் மடங்குகளிலோதான் விற்க வேண்டும். ஒரே விடுதியில் இரு அளவுகளையும் கலந்து பயன்படுத்தக் கூடாது. அமெரிக்காவில் அவுன்ஸ் கணக்கு. அந்நாட்டு அவுன்ஸ் 29.57 மி.லி. ஆகும், ‘ஒரு ஜிக்கர்’ என்று அந்நாட்டுச் செய்முறைகள் குறிப்பிடும் ஒன்றரை அவுன்ஸ் ஏறத்தாழ 44 மி.லி. வருகிறது. இரு முனைகளிலும் கிண்ணம் கொண்ட இன்றைய வடிவத்துக்கு, சிகாகோவைச் சேர்ந்த கார்னீலியஸ் டங்கன் 1893-இல் காப்புரிமை பெற்றார்.

இந்த நாட்டு வேறுபாடுகள் இந்தியச் சந்தையில் ஒரு குழப்பத்தை உண்டாக்குகின்றன. 25/50, 30/60, ஒன்று/இரண்டு அவுன்ஸ் எனப் பல வகை ஜிக்கர்கள் ஒரே கடையில், ஒரே தோற்றத்தில் விற்கப்படுகின்றன. ஒரு பானத்தின் எல்லாப் பொருள்களையும் ஒரே ஜிக்கரால் அளந்தால் விகிதம் கெடாது. பானத்தின் மொத்த அளவு மட்டுமே சற்று மாறும். மதுவை ஒன்றாலும் எலுமிச்சைச் சாற்றை மற்றொன்றாலும் அளந்தால் விகிதமே குலைந்துவிடும்.

சிறிய அளவில்தான் பெரிய பிழை

சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் செய்முறைப்படி டைக்கிரி என்னும் பானத்துக்கு 60 மி.லி. வெள்ளை ரம், 20 மி.லி. எலுமிச்சைச் சாறு, சிறிதளவு சர்க்கரை ஆகியவை தேவை. ரம்மில் 5 மி.லி. கூடினால் பிழை 8 சதவீதம். பெரும்பாலோருக்கு வேறுபாடு தெரியாது. அதே 5 மி.லி. எலுமிச்சைச் சாற்றில் கூடினால் பிழை 25 சதவீதம். பானம் வாயில் வைக்க இயலாத அளவுக்குப் புளித்துவிடும். விலை அதிகம் என்பதால் மதுவைக் கவனமாக அளந்துவிட்டு, சாற்றையும் பாகையும் கண் மதிப்பில் ஊற்றுவது பலரின் பழக்கம். சுவையைப் பொறுத்தவரை இது தலைகீழான சிக்கனம்.

‘அரை மூடி எலுமிச்சை பிழிக’ என்னும் குறிப்பும் அளவாகாது. கோடையில் வற்றிய பழத்துக்கும் மழைக்காலத்தில் சாறு நிறைந்த பழத்துக்கும் இடையே இரு மடங்கு வேறுபாடுகூட இருக்கக்கூடும். பிழிந்து, வடிகட்டி, பின்னர் ஜிக்கரில் அளப்பதே வழி.

தொடக்க நிலையினருக்கு உகந்த பானம் நெக்ரோனி. ஜின், கம்பாரி, இனிப்பு வெர்மூத் ஆகிய மூன்றும் தலா 30 மி.லி. இந்தியப் பெக் கிண்ணத்தை மும்முறை நிரப்பினால் போதும். கணக்கு ஏதும் தேவையில்லை.

எது நல்ல ஜிக்கர்?

விலையோ நிறமோ அல்ல, வாயின் அகலமே முதலில் பார்க்க வேண்டியது. ஜிக்கரின் வாய் 4 செ.மீ. விட்டம் கொண்டதாயின், விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே நிறுத்தினால் ஏறத்தாழ 1.3 மி.லி. குறையும். வாய் 2.5 செ.மீ. மட்டுமே எனில் அதே ஒரு மில்லிமீட்டரால் குறைவது அரை மி.லி.தான். 30 மி.லி. அளவில் முன்னது 4 சதவீதப் பிழை. பின்னது 2 சதவீதத்துக்கும் குறைவு. உயரமாகவும் ஒடுக்கமாகவும் அமைந்த ஜப்பானிய பாணி ஜிக்கர்களைத் தொழில்முறைக் கலைஞர்கள் விரும்புவதற்கு, தோற்றத்தை விட இந்த எளிய வடிவக் கணக்கே காரணம். அகன்ற கிண்ணம் கைத்தவறுதலைப் பெருக்குகிறது. ஒடுங்கிய கிண்ணம் அதைச் சுருக்குகிறது. ஒடுங்கிய கிண்ணம் எளிதில் சாயும் என்பது அதன் குறை. அடிப்பகுதி சற்றுக் கனமாக இருப்பதைத் தேர்வு செய்தால் இது தீரும்.

அடுத்தது உட்புறக் கோடுகள். 30/60 என இரு முனைகள் மட்டுமே கொண்ட ஜிக்கரால் 15 அல்லது 20 மி.லி. அளக்க இயலாது; ‘பாதி வரை’ என்று ஊகிக்க நேரும். மேல் நோக்கி விரியும் கூம்பு வடிவக் கிண்ணத்தில் பாதி உயரம் என்பது பாதி அளவு அன்று. அதைவிட மிகக் குறைவு. எனவே 15, 20, 45 மி.லி. ஆகியவற்றுக்குப் பொறித்த கோடுகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அச்சிட்ட கோடுகள் சில மாதக் கழுவலில் அழிந்துவிடும். உலோகத்திலேயே பொறித்தவை நிலைக்கும். பொருளைப் பொறுத்தவரை எவர்சில்வரே போதுமானது. மெல்லிய தகட்டால் ஆனது கீழே விழுந்து நசுங்கினால் கொள்ளளவு குறைந்துவிடும். ஒரு முறை நசுங்கிய ஜிக்கரை அளவுக்குப் பயன்படுத்தலாகாது.

‘60 மி.லி.’ என்பது விளிம்பு வரையிலான அளவா, விளிம்புக்குக் கீழுள்ள கோடு வரையிலான அளவா என்பதையும் வாங்கும்போதே அறிந்துகொள்ள வேண்டும். விளிம்பு வரை என்றால், ஒவ்வொரு முறையும் சிந்தாமல் ஷேக்கரில் கவிழ்ப்பது எளிதன்று. மேலும், நீரும் சாறும் விளிம்பைத் தாண்டிச் சற்றுக் குவிந்து நிற்கும் இயல்புடையவை. பரப்பு இழுவிசை குறைந்த மது அந்த அளவுக்குக் குவிவதில்லை. அதனால், விளிம்பு வரை நிரப்பும் முறையில் சாறு சற்றுக் கூடுதலாகவே விழும்.

வீட்டிலேயே சரிபார்க்கும் வழி

சமையலறையில் மின்னணுத் தராசு இருந்தால் இரண்டு நிமிட வேலை. வெறும் ஜிக்கரைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்ஜியமாக்கி, 30 மி.லி. குறி வரை தண்ணீர் ஊற்றினால், அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 29.9 கிராம் காட்ட வேண்டும். 27 என்று காட்டினால் அந்த ஜிக்கரை மாற்ற வேண்டியதுதான். இச்சோதனைக்குத் தண்ணீரையே பயன்படுத்த வேண்டும். 42.8 சதவீத ஆல்கஹால் கொண்ட விஸ்கி 30 மி.லி. அளவில் சுமார் 28 கிராம்தான் இருக்கும். சம எடை சர்க்கரையும் நீரும் சேர்த்த பாகு சுமார் 37 கிராம் வரும். தராசு இல்லாதோர் மருந்துக் கடையில் கிடைக்கும் 10 மி.லி. சிரிஞ்சால் மும்முறை நீர் விட்டும் அறியலாம்.

ஜிக்கர் சரியாக இருந்தும் கை தவறலாம். கிண்ணத்தைச் சாய்க்காமல், ஷேக்கரின் விளிம்பை ஒட்டிப் பிடித்து, நிறைந்த பின்னரே கவிழ்க்க வேண்டும். நிறையும் முன்பே வேகமாகக் கவிழ்ப்பதும், கவிழ்த்த பின் புட்டியிலிருந்து ‘கொஞ்சம் கூடுதலாக’ விடுவதும் அளவைப் பொருளற்றதாக்கும். பாகு போன்ற கெட்டியான திரவம் சுவரில் ஒட்டி நிற்பதால் ஓரிரு வினாடி வடிய விட வேண்டும். விலை குறைந்த சாற்றையும் பாகையும் முதலில் ஊற்றி, மதுவைக் கடைசியில் சேர்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம். இடையில் தவறினால் வீணாவது எலுமிச்சையோடு போகும்.

மனத்துக்குள் எண்ணிக்கொண்டே புட்டியிலிருந்து நேரடியாக ஊற்றும் முறையும் உண்டு. கூட்டம் மிகுந்த இரவுகளில் அது வேகம் தரும். நாள்தோறும் பயிற்சி செய்பவரின் கையில் ஓரளவு சரியாகவும் அமையும். எனினும், புட்டியில் மது குறையக் குறைய ஓட்டம் மாறுகிறது. கெட்டியான லிக்கர் மெதுவாகவும் வோட்கா விரைவாகவும் இறங்குகின்றன. களைத்த கையின் எண்ணிக்கையை வாடிக்கையாளர் சரிபார்க்க வழியில்லை.

அருந்துபவருக்கு ஏன் முக்கியம்?

42.8 சதவீத மதுவில் 30 மி.லி. என்பது ஏறத்தாழ 10 கிராம் தூய ஆல்கஹால். எத்தனை அருந்தினோம் என்பதைக் கணக்கிட இதுவே எளிய அலகு. காக்டெய்லில் 60 மி.லி. ஊற்றப்பட்டிருந்தால் ‘ஒரு கிளாஸ்’ என்பது உண்மையில் இரண்டு. இனிப்பும் புளிப்பும் அதை மறைத்துவிடுகின்றன.

விரல் கணக்கு இன்னும் ஆபத்தானது. 1.8 செ.மீ. தடிமனுள்ள ஒரு விரல் உயரம், 5.5 செ.மீ. உள்விட்டமுள்ள கிளாஸில் சுமார் 43 மி.லி. வரும், 7 செ.மீ. கிளாஸில் 69 மி.லி. ஆகிவிடும். சுண்டு விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட உயரம் என்று சொல்லப்படும் ‘பாட்டியாலா பெக்’ பொதுவாக 120 மி.லி. எனக் கருதப்படுகிறது, அதாவது நான்கு ‘ஸ்மால்’. கோவாவில் இதற்கு மற்றொரு முகம் உண்டு. முந்திரிப் பழத்தின் முதல் வடிப்பான உர்ராக் சுமார் 15 சதவீத ஆல்கஹால் கொண்டது. மேலும் வடித்த ஃபெனி 42 சதவீதத்தைத் தொடும். இரண்டும் தண்ணீர் போன்ற நிறமற்ற திரவங்கள். உர்ராக்குக்குப் பழகிய கையால் ஃபெனியை அதே தாராளத்துடன் ஊற்றினால் போதை ஏறத்தாழ மூன்று மடங்காகும்.

உடல்நலனுக்குத் தீங்கற்ற மது அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெரிவித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவின்படி, 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவது குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கூடுதலாக ஊற்றியது மதுக்கூடத்தின் கை என்றாலும், சோதனைச் சாவடியில் கருவியில் ஊத வேண்டியவர் வாகனம் ஓட்டி வந்தவரே.