நெருப்பில்லாத வெளிச்சம்

நோன்புப் பெருநாள் மாலை. மகாராஜபுரத்தில் நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். அவருடைய ஏழு வயது மகன், பச்சையாய் ஒளிரும் பிளாஸ்டிக் குச்சி ஒன்றை ஏந்தி வந்தான். மறு கையில் கத்தரிக்கோல்!

"ஹஜ்ரத், இதிலே பேட்டரியும் இல்லை, தொட்டால் சுடவும் இல்லை. உள்ளே என்னதான் எரியுது? வெட்டிப் பார்க்கட்டுமா?"

கத்தரிக்கோலை வாங்கி வைத்துவிட்டேன். விடை கூறத்தான் இயலவில்லை. கலைப் பட்டதாரியான எனக்கு வேதியியல் பள்ளிக்கூடத்தோடு முடிந்துபோன பாடம். பின்னர் தேடிப் படித்தவற்றையே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வெளிச்சம் என்றால் சூடும் உண்டு என்பது நம் மாவட்டத்தார் கண்ட உண்மை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் பயின்று 1923இல் திரும்பிய நாள் முதலாக, சிவகாசி நெருப்பை நம்பியே வாழ்கிறது. தீக்குச்சியாயினும் மத்தாப்பாயினும், முதலில் சூடு. அந்தச் சூட்டிலிருந்தே ஒளி. பழைய குண்டு பல்பும் அவ்வாறே: உண்ணும் மின்சாரத்தில் நூற்றுக்குச் சுமார் 5 பங்கே வெளிச்சமாகும், எஞ்சியது வெப்பமாய் வீணாகும்.

ஒளிக்குச்சியின் வழி வேறு. பிளாஸ்டிக் குழலுக்குள் மெல்லிய கண்ணாடிக் குழல் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அதனுள் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. அதைச் சூழ்ந்து ஆக்சலேட் எஸ்டர் என்னும் பொருளும் ஒரு சாயமும் கரைந்து நிற்கின்றன. குச்சியை வளைக்கும்போது 'டக்'கென்று கேட்பது உள்ளிருக்கும் கண்ணாடி உடையும் ஓசையே. இரு திரவங்களும் கலந்ததும், நிலைத்து நிற்க இயலாத ஒரு சேர்மம் கணநேரம் தோன்றி, கரியமில வாயுவாய்ச் சிதைகிறது. அப்போது வெளிப்படும் ஆற்றலைச் சாயத்தின் மூலக்கூறு பெற்றுக்கொள்கிறது; பெற்றதை உடனே ஒளியாய் உமிழ்ந்துவிடுகிறது. சம்பாதிப்பவர் ஒருவர், செலவழிப்பவர் மற்றொருவர் என்ற குடும்பக் கணக்குத்தான்! பச்சையா, நீலமா, சிவப்பா என்பதை முடிவு செய்வது அந்தச் சாயமே.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் எட்வின் சாண்ட்ராஸ் இவ்வகை ஒளியை முதலில் கண்டார். பிறகு அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தில் மைக்கேல் ரௌஹட் குழுவினர் அதைப் பயன்படத்தக்க விளக்காக்கினர். எரிவாயு கசியும் இடத்தில் தீப்பொறி ஆபத்தன்றோ? அத்தகைய இடங்களுக்கு இது உகந்தது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒளிரும் குச்சிகள் இரண்டில் ஒன்றை வெதுவெதுப்பான நீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டி நீரிலும் இடுங்கள். முன்னது பளிச்சென்று ஒளிர்ந்து விரைவில் அடங்கும். பின்னது மங்கலாய் நெடுநேரம் நிற்கும். சூடு வேதிவினையை விரைவுபடுத்துவதே காரணம்.

ஆனால், தாய்மார்கள் ஒன்றை மறக்கலாகாது. குச்சியைக் கடிக்கவோ வெட்டவோ குழந்தைகளை விடாதீர்கள். உள்ளிருக்கும் திரவம் வாயிலும் கண்ணிலும் கடும் எரிச்சல் தரும். உடைந்த கண்ணாடித் துணுக்குகளும் அதில் கிடக்கின்றன. பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் மருத்துவரிடம் காட்டுவதே நலம்.

சூடில்லாத இந்த வெளிச்சம், மலையடிவாரத்தில் வாழ்வோருக்குப் புதிதன்று. மின்மினி இதனை எப்போதோ அறிந்திருக்கிறது! அதன் வயிற்றில் லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதியின் துணையோடு ஆக்சிஜனுடன் சேர்ந்து ஒளியாகிறது. 2022ஆம் ஆண்டு ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் மின்மினிகள் பெருங்கூட்டமாய் ஒருமித்து மின்னியதை வனத்துறையினர் பதிவு செய்தனர். அந்த மின்னல் துணையை அழைக்கும் மொழி. இரவெல்லாம் எரியும் நம் விளக்குகளின் முன்னே அவ்வழைப்பு கண்ணுக்குப் புலப்படாமல் போகிறது. மின்மினிகள் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுநாள் காலை சிறுவன் மீண்டும் வந்தான். குச்சி அணைந்துவிட்டது.

"திரும்ப எரிய வைக்க முடியாதா, ஹஜ்ரத்?"

இம்முறை விடை தெரிந்திருந்தது. உள்ளிருந்த பொருள் தீர்ந்துவிட்டது, இனி எரியாது. இடையில் முழுவதுமாய் நிறுத்தி வைக்கவும் வழியில்லை. வேண்டியபோது ஒளிரவும் வேண்டாதபோது அடங்கவும் மின்மினிக்கு மட்டுமே தெரியும் என்றேன்.

"அப்படின்னா ராத்திரி மின்மினி பார்க்கப் போகலாம்" என்றான் அவன்.