தண்ணீரின் குணம் அறிந்த தூண்டில்காரர்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், செயின்ட் ஜான்ஸ் ஆற்றங்கரையில் பலாட்கா என்றொரு சிறு நகரம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் அங்கு நான்கு நாள் தூண்டில் போட்டி நடந்தது. நாட்டின் தலைசிறந்த தூண்டில்காரர்கள் கலந்துகொண்டனர். பலர் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். கடைசி நாள் மாலை மீன்களை எடை போட்டபோது முதலிடத்தில் நின்றவருக்கு வயது 72. பெயர் ரிக் கிளன். அன்று ஒரே நாளில் அவருடைய ஐந்து மீன்களின் எடை 34 பவுண்டு 14 அவுன்ஸ், நம் கணக்கில் 15.8 கிலோ. நான்கு நாட்களுக்கும் சேர்த்து 98 பவுண்டு 14 அவுன்ஸ், ஏறக்குறைய 45 கிலோ. பரிசு ஒரு லட்சம் டாலர்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், 2016-ல், இதே ஆற்றில் 69 வயதில் வென்று, இந்தப் போட்டி வரலாற்றிலேயே மிக மூத்த வெற்றியாளர் என்று பெயர் வாங்கியிருந்தார். 2019-ல் தன் சாதனையைத் தானே முறியடித்தார்.

விவசாயப் பக்கத்தில் தூண்டில்காரருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நீர்க்களைகள் பற்றி மாணவர்களுக்கு வகுப்பெடுக்கக் குறிப்புகள் தேடியபோதுதான் இவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். களையைப் பற்றித் தேடப்போய் மீன்காரரிடம் மாட்டிக்கொண்டேன். படிக்கப் படிக்க, இவர் ஏரியைப் பார்க்கும் விதம் ஒரு நல்ல விவசாயி வயலைப் பார்க்கும் விதமாகவே எனக்குப் பட்டது.

முதலில் அந்த மீன். பாஸ் என்பது வட அமெரிக்காவின் நன்னீர் மீன். வாய் பெரிதாக இருக்கும். சிறு மீன், தவளை, நண்டு என எது அகப்பட்டாலும் விழுங்கும் வேட்டை மீன். குணத்தில் நம் விராலைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். வசந்த காலத்தில் தண்ணீரின் வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸுக்குள் வரும்போது, ஆண் மீன் கரையோர ஆழமற்ற பகுதியில் வாலால் மண்ணைத் துடைத்துக் குழிபோல் கூடு அமைக்கும். பெண் மீன் முட்டையிட்டுப் போனபின் ஆண் மீனே முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் இருக்கும்.

இந்த மீனைப் பிடிப்பதைத் தொழில்முறை விளையாட்டாக மாற்றியவர் ரே ஸ்காட். அலபாமா மாநிலத்து இன்சூரன்ஸ் ஏஜென்ட். 1967-ல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பீவர் ஏரியில் முதல் பெரிய போட்டியை நடத்தினார். அடுத்த ஆண்டு பாஸ் தூண்டில்காரர்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1971 முதல் ‘கிளாசிக்’ என்ற ஆண்டு இறுதிப் போட்டியும் நடக்கிறது. நம் ஊரில் ஜல்லிக்கட்டுக் காளையை ஊரே பேசுவதுபோல, அங்கு கிளாசிக்கில் வென்றவரைப் பேசுவார்கள்.

ரிக் கிளன் 1946-ல் பிறந்தவர். ஹூஸ்டன் நகரில் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமர். கம்ப்யூட்டர் என்பதே பலருக்குத் தெரியாத காலத்தில் நல்ல சம்பளம் தரும் வேலை. 1974-ல் அதை விட்டுவிட்டு முழுநேரத் தூண்டில்காரர் ஆனார். அன்று இந்தத் தொழிலில் பெரிய பணம் கிடையாது. போட்டியில் சேரவே நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். படகு, டீசல், பெட்ரோல், தங்கும் செலவு எல்லாம் சொந்தக் கை. மீன் கடிக்கவில்லை என்றால் கட்டிய பணம் போனதுதான். விதை, உரம், கூலி எல்லாம் போட்டுவிட்டு மழைக்காக வானத்தைப் பார்க்கும் மானாவாரி விவசாயிக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

இரண்டே ஆண்டில் பலன் கிடைத்தது. 1976-ல் அலபாமாவின் கன்டர்ஸ்வில் நீர்த்தேக்கத்தில் கிளாசிக் பட்டம். மறு ஆண்டு ஃப்ளோரிடாவில் மீண்டும் வென்றார். அடுத்தடுத்து இரு முறை வென்ற முதல் ஆள் அவர்தான். 1984-ல் ஆர்கன்சாஸ் ஆற்றில் மூன்று நாட்களில் 75 பவுண்டு 9 அவுன்ஸ், அதாவது 34 கிலோவுக்கு மேல். அந்த எடை போடும் நிகழ்ச்சிக்கு அப்போதைய துணை ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷும், ஆர்கன்சாஸ் கவர்னர் பில் கிளின்டனும் வந்திருந்தார்கள். பிற்காலத்தில் இருவருமே ஜனாதிபதி ஆனார்கள். 1990-ல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ் ஆற்றில், கடைசி நாளில் பின்னாலிருந்து முந்திவந்து நான்காவது பட்டம். 1974 முதல் 2001 வரை 28 ஆண்டுகள் ஒரு முறைகூட விடாமல் கிளாசிக் போட்டிக்குத் தகுதி பெற்றார். பட்டங்களைவிட இந்த 28 ஆண்டு என்ற கணக்கைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஒரு வருடம் அமோக விளைச்சல் எடுப்பவர்கள் உண்டு. வறட்சி, வெள்ளம், பூச்சி எது வந்தாலும் ஆண்டுதோறும் களத்தில் நெல் குவிப்பவர்கள் சிலரே.

இதை எப்படிச் செய்தார்? அவர் வழியில் முக்கியமானது, ஏரியைப் பிரித்துப் பார்ப்பது. அமெரிக்க நீர்த்தேக்கங்கள் பல ஆயிரம் ஏக்கர் பரப்பு கொண்டவை. அதில் மீன் இருக்கும் இடம் சிறு பங்குதான். படகை எடுத்துக்கொண்டு கண்ட இடத்தில் வீசினால் நாள் முழுவதும் கை வலிதான் மிச்சம். அதனால் கிளன் ஏரியை மேல்பகுதி, நடுப்பகுதி, அணைப் பகுதி என்று பிரிப்பார். ஏரியில் வந்து சேரும் ஒவ்வொரு ஓடையையும் முகப்பு, நடு, கடைக்கோடி என்று மூன்றாகப் பிரிப்பார். எந்தப் பருவத்தில் எந்தப் பங்கில் மீன் இருக்கும் என்று முதலில் முடிவு செய்வார். வேண்டாத பகுதிகளை மனதிலேயே கழித்துவிட்ட பிறகுதான் தூண்டிலைத் தொடுவார். புரோகிராமராக இருந்தவரின் மூளை இதில் தெரிகிறது.

இலையுதிர் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஷாட் என்று ஒரு சிறு மீன், நம் மத்தி மீனின் உறவு. தண்ணீர் குளிரத் தொடங்கியதும் இது கூட்டம் கூட்டமாக ஓடைகளுக்குள் ஏறும். பாஸ் பின்னாலேயே போகும். ஆகவே அந்தக் காலத்தில் ஓடையின் உள்பகுதியில் தேட வேண்டும். குளிர் முற்றினால் இரண்டும் ஆழத்துக்கு இறங்கிவிடும். இரை எங்கே போகிறது என்று தெரிந்தால் மீன் எங்கே என்று தெரியும். பூச்சியியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அசுவினி கூடும் இடத்தில்தானே பொறிவண்டும் கூடுகிறது.

அந்தக் காலத்துத் தூண்டில்காரர்கள் பலரையும் போலவே இவருக்கும் ரோலண்ட் மார்ட்டின் பரப்பிய கருத்து அடித்தளமாக இருந்தது. ஒரு மீன் சிக்கினால் அதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடக் கூடாது. எத்தனை அடி ஆழம், மரக்கட்டையா பாசியா, வெயிலா நிழலா, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். பிறகு அதே நிலைமை உள்ள வேறு இடங்களைத் தேடிப் போக வேண்டும். நாம் விவசாயிகளிடம் பதிவேடு எழுதச் சொல்லி மன்றாடுவது இதற்காகத்தான்.

கிளனுக்குப் பிடித்த கருவி ‘கிராங்க்பெய்ட்’ என்ற பொய் இரை. மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த சிறு மீன் உருவம். முன்பக்கம் கரண்டிபோல் ஒரு உதடு நீட்டிக்கொண்டிருக்கும். நரம்பைச் சுற்றி இழுத்தால் அந்த உதடு தண்ணீரைத் தள்ள, இரை தலையை ஆட்டிக்கொண்டு கீழே இறங்கும். அந்த உதடு சதுரமாக இருக்கும் வகையில்தான் இவர் பேர்போனவர். அது மூன்று, நான்கு அடி ஆழத்தில் ஓடும். மூழ்கிய மரக்கட்டை, கல், வேர் இவற்றின்மீது வேண்டுமென்றே மோத விடுவார். மோதிய இரை சட்டென்று பக்கவாட்டில் விலகும். கட்டையின் நிழலில் பதுங்கியிருக்கும் பாஸுக்குப் பசி இருக்கிறதோ இல்லையோ, அந்தத் திடீர் அசைவைக் கண்டதும் பாய்ந்துவிடும். யோசிக்க நேரம் கொடுத்தால் கடிக்காது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கார்பன் இழையில் செய்த புதுக் கம்புகள் வந்தபோது எல்லோரும் அதற்கு மாறினார்கள். எடை குறைவு, விறைப்பு அதிகம், சின்ன அசைவும் கைக்குத் தெரியும். கிளன் மட்டும் கிராங்க்பெய்ட்டுக்குப் பழைய ஃபைபர் கிளாஸ் கம்பே சிறந்தது என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தார். விறைப்பான கம்பில் மீன் தொட்டதும் கை தன்னையறியாமல் வெட்டி இழுத்துவிடும். மீன் வாயை மூடுவதற்குள் முள் வெளியே வந்துவிடும். வளையும் கம்பு அரை நொடி தாமதிக்கும், அதற்குள் மீன் இரையை உள்ளே இழுத்திருக்கும். புதிது வந்ததும் பழையதைத் தூக்கி எறியாமல், எந்த வேலைக்கு எது என்று பார்த்தார். கருவிகளைப் பரிந்துரைக்கும் வேலையில் இருக்கும் எனக்கு இது கொஞ்சம் உறைத்தது.

இன்னொரு கருவி ‘ஸ்பின்னர்பெய்ட்’. ஊக்குபோல் வளைத்த கம்பி. ஒரு முனையில் முள்ளும் குஞ்சமும், மறு முனையில் சுழலும் தகடுகள். தெளிந்த தண்ணீரில் வில்லோ இலைபோல் நீண்ட தகடு, மின்னி மீனின் கண்ணில் படும். கலங்கல் தண்ணீரில் அகன்ற வட்டத் தகடு. அங்கு கண் உதவாது. தகட்டின் அதிர்வை மீன் தன் உடலின் இரு பக்கமும் ஓடும் உணர்கோட்டால் அறியும். பாசிக்கு நடுவிலும் அதிகம் சிக்காமல் இழுக்கலாம்.

பாசி என்றதும் என் பாடத்துக்கு வந்துவிட்டேன். கிளன் வென்ற செயின்ட் ஜான்ஸ் ஆறு களை அறிவியலில் ஒரு பெயர் பெற்ற இடம். நம் ஏரி, கண்மாய்களை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவின் செடி. 1884-ல் நியூ ஆர்லியன்ஸ் கண்காட்சியிலிருந்து பூவின் அழகுக்காக அமெரிக்கர்கள் வீட்டுக்கு எடுத்துப்போனதாகச் சொல்வார்கள். 1890 வாக்கில் பலாட்கா அருகே ஆற்றில் சேர்ந்தது. பத்தே ஆண்டுக்குள் நீராவிப் படகுகள் நகர முடியாதபடி ஆற்றை அடைத்தது. களையை அகற்ற ராணுவப் பொறியாளர்களுக்கு 1899-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதிகாரம் தர வேண்டியதாயிற்று.

ஹைட்ரில்லாவின் கதை நேர்மாறாக நம் பக்கத்திலிருந்து போனது. 1950-களில் மீன் தொட்டி அலங்காரத்துக்காக இலங்கையிலிருந்து ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து தப்பித் தெற்கு மாநிலங்கள் முழுவதும் பரவியது. டெக்சாஸில் கிளன் பல ஆண்டுகள் குடியிருந்தது கான்ரோ ஏரிப் பக்கம். சுமார் 21,000 ஏக்கர் ஏரி. 1980 வாக்கில் பாதியை நெருங்கும் அளவுக்கு ஹைட்ரில்லா படர்ந்துவிட்டது. கரையில் வீடு கட்டியவர்கள் படகு விட முடியவில்லை என்றார்கள். தூண்டில்காரர்களோ, பாசிதான் மீன் குஞ்சுகளுக்கு ஒளிவிடம், கையை வைக்காதீர்கள் என்றார்கள். 1981, 1982-ல் 2,70,000 புல்கெண்டைகளை ஏரியில் விட்டார்கள். 1983-க்குள் ஹைட்ரில்லா மட்டுமல்ல, மற்ற நீர்த்தாவரங்களும் தீர்ந்துவிட்டன. தாவரம் போனதும் அதிலிருந்த சத்துகள் நுண்பாசிக்குப் போக, தண்ணீர் கலங்கிப் பச்சையானது. பாஸ் மீன்களின் எண்ணிக்கையும் சரிந்தது. ஆனால் ஹைட்ரில்லா பின்னாளில் திரும்ப வந்தது.

பண்ணைக்குட்டையில் பாசி என்றதும் புல்கெண்டை விடச் சொல்லும் நாமும் இந்த ஏரியை நினைவில் வைக்க வேண்டும். பாசியின் அளவைப் பார்த்து முதலில் குறைவாக விடுங்கள். பாசி தீர்ந்தபின் அதற்குப் புல், அகத்தி, தட்டைத் தீவனம் போட முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். குட்டையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே பாசி நின்றால் அதை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. இதில் என்னோடு உடன்படாத மீன்வள நண்பர்கள் இருக்கிறார்கள்.

பிடித்த மீனை என்ன செய்கிறார்கள்? தண்ணீரிலேயே திரும்ப விடுகிறார்கள். 1972-லேயே ரே ஸ்காட் ‘பிடித்ததைக் கொல்லாதே’ என்ற இயக்கத்தைத் தொடங்கிவிட்டார். படகிலேயே காற்றேற்றும் தொட்டி இருக்கும். எடை மேடைக்குச் செத்த மீனோடு வந்தால் மொத்த எடையில் கழித்துவிடுவார்கள். கோடையில் சூடான தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு. அதனால் விடுவித்த பிறகும் சில மீன்கள் சாகின்றன. மீன் குஞ்சு வாங்கி வரும் நம் விவசாயிகளுக்கும் இதே சிக்கல்தான். அதிகாலையில் ஏற்றுங்கள். பையைக் குட்டைத் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டுச் சூடு சமமான பிறகு திறந்துவிடுங்கள்.

இதைப் படித்துவிட்டு பாஸ் குஞ்சு எங்கே கிடைக்கும் என்று யாரும் கேட்டு எழுத வேண்டாம். ஜப்பானில் 1925-ல் ஒரு ஏரியில் விட்ட பாஸ், நாடு முழுவதும் பரவி உள்ளூர் மீன்களைத் தின்றது. 2005-ல் அங்கு தனிச் சட்டத்தின்கீழ் அதை வளர்ப்பதற்கும் விடுவதற்கும் தடை போட்டார்கள். நாமும் ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் தடை செய்துவிட்டு இன்னும் அதைத் துரத்திக்கொண்டிருக்கிறோம்.

நமக்கு விரால் இருக்கிறது. அதுவும் பாசிக்கு நடுவே கூடு கட்டி, சிவந்த குஞ்சுக் கூட்டத்துக்குத் தாயும் தந்தையும் காவல் இருக்கும் மீன். குஞ்சோடு சுற்றும் விராலைத் தவளை காட்டிப் பிடிப்பது சுலபம், கோபத்தில் எதையும் கடிக்கும். பெற்றோரைப் பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சுகளை அன்று மாலைக்குள் மற்ற மீன்கள் தின்றுவிடும். மழைக்காலத்தில் உங்கள் கண்மாயில் சிவப்பாகக் குஞ்சு மேய்வதைப் பார்த்தால், தூண்டிலோடு நிற்கும் பையன்களிடம் இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள்.