கொழுகொழுக் குழந்தையும் குடும்ப நலமும்

ஒரு சமுதாயம் எதனை நலம் என்று கருதுகிறது என்பதை அதன் பேச்சு வழக்கே காட்டிவிடும். கன்னம் உப்பிய குழந்தையைக் கண்டால் 'கொழுகொழுவென்று இருக்கிறது' என்று கொஞ்சுகிறோம். கண்ணேறு பட்டுவிடுமோ என்று அஞ்சுகிறோம். சற்றே மெலிந்த பிள்ளையைக் கண்டாலோ, 'வீட்டில் சோறு போடுவதில்லையா?' என்று தாயைக் கடிந்துகொள்கிறோம்.

இவ்வழக்குக் காரணமின்றித் தோன்றியதன்று. பஞ்சமும் கொள்ளைநோயும் மலிந்திருந்த காலத்தில் குழந்தையின் உடற்சதை, நோய்நாளுக்கென்று சேர்த்துவைத்த சேமிப்பாக விளங்கியது. பிரெஞ்சு ஆட்சியினர் 1930ஆம் ஆண்டில் புதுச்சேரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கத் தொடங்கியதும் பசியைக் கருதியே ஆகும். காலம் மாறிவிட்டது, சொல் மட்டும் மாறவில்லை. அச்சொல்லுக்குப் பின்னே ஒளிந்திருக்கும் இடரை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதுவையின் நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நாடு முழுவதும் 1,13,043 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளிவந்தன. 20 வயதுக்கு மேற்பட்டோரை மட்டுமே அவ்வாய்வு கருதியது. நாடளவில் நீரிழிவுடையோர் 100க்கு 11.4 பேர். புதுச்சேரியிலோ 26.3 பேர். கோவா (26.4) ஒன்றே நம்மை முந்தி நிற்கிறது. உடல் பருமனில் நமக்கே முதலிடம். பெரியவர்களுள் 100க்கு 53.3 பேர் பருமனுடையோர். வயிற்றுப் பருமனுடையோர் 61.2 பேர்.

இவை பெரியவர்களின் கணக்குகள்தாமே, குழந்தைகளுக்கும் இவற்றிற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அப்பெரியவர்களின் அடுப்பங்கரையில் சமைத்ததையே நம் பிள்ளைகள் உண்கின்றனர். அவர்களைப் பார்த்தே உண்ணவும் உட்காரவும் உறங்கவும் கற்கின்றனர். 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் எடை குறைந்தோரைக் காட்டிலும் பருமனுடையோர் உலகளவில் முதன்முறையாக மிகுந்துவிட்டனர் என்று 2025இல் யுனிசெப் அறிவித்தது. தெற்காசியா இதற்கு விலக்காக உள்ளது. எனினும் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் மிகை எடையுடையோர் 2015–16இல் 2.1 விழுக்காடாக இருந்து, 2019–21இல் 3.4 விழுக்காடாக உயர்ந்தனர். நாமும் அத்திசையிலேயே சென்றுகொண்டிருக்கிறோம்.

உடலுக்குள் நிகழ்வது

உண்ட உணவு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அச்சர்க்கரை திசுக்களுக்குள் புகக் கதவைத் திறந்துவிடும் திறவுகோல், கணையம் சுரக்கும் இன்சுலின் ஆகும். வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்பு மிகும்போது பூட்டில் துரு ஏறினாற்போல் இன்சுலின் செயல்படத் தடுமாறுகிறது. கணையம் இன்னும் மிகுதியாகச் சுரக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்கிறது. அப்போது தோன்றுவதே இரண்டாம் வகை நீரிழிவு. ஐம்பது வயதில் வரும் நோய் பதினைந்து வயதில் வருமாயின், கண், சிறுநீரகம், இதயம், கால் நரம்பு ஆகியன முப்பத்தைந்து ஆண்டுகள் கூடுதலாக அத்தாக்குதலைத் தாங்க வேண்டியிருக்கும்.

இதற்கு ஓர் அடையாளம் பலர் வீட்டிலும் கண்முன் இருந்தும் உணரப்படுவதில்லை. பருத்த பிள்ளைகள் சிலரின் பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து வெல்வெட்டுத் துணிபோல் காணப்படும். அழுக்கென்று எண்ணித் தாய்மார் அதனைத் தேய்த்துக் கழுவுவதுண்டு. பெரும்பாலும் அஃது இன்சுலின் தடுமாற்றத்தின் அறிகுறியாகும். அதனைக் கண்டவுடன் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். மற்றோர் எளிய அளவும் உண்டு. ஐந்து வயது கடந்த பிள்ளையின் இடுப்புச் சுற்றளவு அதன் உயரத்தில் பாதியைத் தாண்டலாகாது. ஒரு நூல்கயிறு கொண்டே இதனை அறியலாம்.

கருவிலேயே தொடங்குவது

புனேக்கு அருகிலுள்ள சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளோடு மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் ஒப்பிட்டு 2003இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். நம் குழந்தைகள் எடை குறைந்து பிறக்கின்றனர். தசை மிகவும் குறைவு. ஆனால் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. கைகால் மெலிந்து வயிறு பருத்த உடலமைப்புக்கு வித்து கருவிலேயே இடப்படுகிறது என்பது இதனால் பெறப்படும். எனவே மெலிந்து பிறந்த குழந்தையை விரைந்து கொழுக்க வைப்பதும் நன்மையன்று.

தாய்க்குக் கருக்கால நீரிழிவு இருப்பின் அவள் இரத்தத்தின் மிகைச் சர்க்கரை குழந்தையையும் சென்றடைகிறது. அக்குழந்தைக்குப் பிற்காலத்தில் பருமனும் நீரிழிவும் வரும் வாய்ப்பு மிகுதி. கருவுற்ற பெண் உண்டிருப்பினும் உண்ணாதிருப்பினும் 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கலந்து பருகச் செய்து, இரண்டு மணிநேரம் கழித்து இரத்தச் சர்க்கரையை அளக்கும் முறையைச் சென்னைப் பேராசிரியர் வீ. சேஷையா நாடெங்கும் பரப்பினார். அளவு 140 மில்லிகிராமை எட்டினால் சிகிச்சை தேவை. நம் இல்லத்து மகளிர் எவரும் இச்சோதனையைத் தவறவிடலாகாது.

பெண்மக்களின் கால்கள்

இங்கே சமுதாயப் பெரியோர் முன் ஒன்றைப் பணிவுடன் வைக்க விழைகிறோம். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடம் உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. நம் ஆண்பிள்ளைகளுக்குத் தெருவும் திடலும் உள்ளன. பெண்பிள்ளைகளோ பருவம் எய்தியதும் ஓட்டத்தை மறந்துவிடுகின்றனர். பள்ளி, தனிப்பயிற்சி, வீடு என்பதோடு அவர்தம் உலகம் முடிந்துவிடுகிறது. நாளைய தாயார் இவர்களே. இவர்கள் கால்கள் ஓய்ந்தால், அடுத்த தலைமுறையின் கணையமும் தளரும். மாலை ஆறு மணிக்கு மேல் ஊர்தி இயங்காத கடற்கரைச் சாலை நமக்கு அருகிலேயே உள்ளது. தாயும் மகளும் பாட்டியும் சேர்ந்து அங்கே நடப்பதில் கண்ணியத்திற்குக் குறைவேதும் இல்லை. வீட்டு மாடியும் முற்றமும் கயிறு தாண்டி விளையாடப் போதுமானவை.

வீட்டார் செய்யத்தக்கன

பருத்த பிள்ளையை மட்டும் தனியே அமர்த்தி, 'உனக்கு இது கூடாது' என்று தட்டை இழுப்பது பயன் தராது. பிள்ளை நாணும், பின்னர் ஒளித்து உண்ணும். தட்டு மாறவேண்டுமாயின் அனைவர் தட்டும் மாறவேண்டும். 300 மில்லிலிட்டர் கோலா பானத்தில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை, அஃதாவது ஆறு தேக்கரண்டி உள்ளது. குழந்தைகளுக்குச் சேர்ப்புச் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்பது அமெரிக்க இதயநலச் சங்கத்தின் பரிந்துரை. ஆகவே குளிர்பானக் குப்பிகளை வீட்டிற்கு வாங்கி வராதிருப்பதே முதற்படியாகும்.

விருந்துகளிலும் அளவு வேண்டும். பிரியாணி குற்றவாளியன்று, வாரந்தோறும் இருமுறை, இரு தட்டு என்பதே குற்றம். நோன்பு துறக்கக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் இருக்க, வடை, சமோசா, ரோஸ்மில்க் என்று அடுக்குவது நோன்பின் நலனைக் கெடுத்துவிடுகிறது. கேழ்வரகு, கீரை, பயறு, மீன்குழம்பு ஆகியன நம் பாட்டிமார் அறிந்தவையே.

பள்ளிகளுக்கும் பங்குண்டு. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்றலாகாது என்பது 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி. அதனை நடைமுறைப்படுத்துமாறு கேட்கும் உரிமை பெற்றோர்க்கு உண்டு.

இவையெல்லாம் பயன் தருமா என்னும் ஐயத்திற்குச் சென்னையிலேயே விடை கிடைத்துள்ளது. நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பெரியவர்களை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். நடையும் உணவு ஒழுங்கும் மேற்கொண்டோர்க்கு நோய் வரும் இடர் 28.5 விழுக்காடு குறைந்தது. மருந்து மட்டும் உண்டோர்க்குக் குறைந்தது 26.4 விழுக்காடு. நடந்த கால்கள் மருந்துக்குச் சளைத்தவையல்ல என்பது இதனால் விளங்கும்.

முடிவாக

'மருந்து' என்று தலைப்பிட்ட அதிகாரத்திலும் வள்ளுவர் பெரிதும் பேசுவது உணவின் அளவையே. அறிந்து உண்ணும் அவ்வறிவு நம் மரபுக்குப் புதிதன்று. குழந்தையின் எடை என்பது குடும்பத்தின் பழக்கம் எழுதிய எழுத்து. அதனைத் திருத்தும் எழுதுகோல் பெரியவர்கள் கையில் உள்ளது. இனிக் குழந்தையைக் காணும்போது 'எவ்வளவு கொழுகொழுப்பு!' என்பதற்கு மாறாக, 'இன்று எவ்வளவு நேரம் ஓடி விளையாடினாய்?' என்று கேட்கப் பழகுவோமாக.