பிக்கப் வண்டிக்குக் கொக்கி: பட்டறைக்குப் போகும் முன் ஒரு கணக்கு

சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. பின்னால் கொக்கி வைத்து ஒரு சிறிய டிரெய்லரை மாட்டிவிட்டால் தண்ணீர் டேங்க், பவர் ஸ்பிரேயர், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் வயலுக்கு இழுத்துப் போகலாம்; டிராக்டர் வாடகை மிச்சம் என்று பல விவசாயிகள் நினைக்கிறார்கள். பட்டறையில் ஒரே நாளில் கொக்கியை வெல்டிங் வைத்தும் கொடுத்துவிடுவார்கள். ஆனால், தவறாக வைத்த கொக்கியால் வரும் ஆபத்து வண்டியோடு நிற்காது. எதிரே வருபவரையும் சேர்த்துத் தாக்கும்.

நிறுத்தும் சக்திதான் அளவு

எவ்வளவு எடையை இழுக்க முடியும் என்பதுதான் பொதுவாக எழும் கேள்வி. எவ்வளவு எடையை நிறுத்த முடியும் என்றுதான் கேட்க வேண்டும். சிறிய டிரெய்லர்களில் பெரும்பாலும் பிரேக் இருப்பதில்லை. பிரேக்கை மிதித்ததும் வண்டி நிற்கப் பார்க்கும்; டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். இறக்கத்திலும் ஈரச் சாலையிலும் இந்தத் தள்ளலில் வண்டியே குறுக்கே திரும்பிவிடும்.

ஐரோப்பிய நாடுகளில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஒரு வரம்பு உண்டு. சுமையோடு சேர்த்து அதன் எடை 750 கிலோவைத் தாண்டக் கூடாது. இழுக்கும் வண்டியின் எடையில் பாதியையும் தாண்டக் கூடாது. நம் ஊர்ச் சாலைக்கும் இதைப் பாதுகாப்பான அளவாகக் கொள்ளலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுமையில்லாமல் 850 கிலோ எடையுள்ள சிறிய பிக்கப் என்றால், பாதி 425 கிலோ. டிரெய்லரே 250 கிலோ இருந்தால் அதில் ஏற்றக்கூடியது 175 கிலோதான். 500 லிட்டர் டேங்கில் தண்ணீர் மட்டுமே 500 கிலோ. அதை நினைத்துப் பார்க்கவே கூடாது. அதே சமயம் இந்த ரக வண்டிகளின் தொட்டியில் முக்கால் டன் வரை ஏற்றலாம். 175 கிலோ கூடுதல் சுமைக்காகக் கொக்கி வைப்பதைவிட, இரண்டு நடை போவது மேல்.

1,700 கிலோ எடையுள்ள பெரிய பிக்கப் என்றால் 750 கிலோ வரை போகலாம். அதே டிரெய்லரில் 500 கிலோ சுமை வைக்கலாம்.

கையேடும் சட்டமும்

வண்டியோடு தந்த கையேட்டில் இழுவை எடை குறிப்பிட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால், அந்த வண்டி இழுப்பதற்காகத் தயாரிக்கப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். இருந்தால், மேலே சொன்ன கணக்கில் வருவதையும் கையேட்டில் உள்ளதையும் ஒப்பிட்டு, எது குறைவோ அதுவே அளவு.

தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம். அதற்கும் பதிவு தேவை. எனவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் பட்டறைக்குப் போக வேண்டும். அனுமதியில்லாத மாற்றம் இருந்தால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. அப்போது நிலத்தை விற்றுத்தான் ஈடுகட்ட வேண்டிவரும்.

எந்தக் கொக்கி?

டிராக்டரில் இருப்பது பின் மாட்டும் கொக்கி. பின்னுக்கும் வளையத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கும். மெதுவாகப் போகும் டிராக்டருக்கு அது போதும். 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பிக்கப்பில், ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த இடைவெளி சம்மட்டி அடியாக மாறி பின்னைத் தேய்க்கும்.

பிக்கப்புக்கு ஏற்றது குண்டுக் கொக்கி. வண்டியில் இரும்புக் குண்டு இருக்கும். டிரெய்லர் முனையிலுள்ள கிண்ணம் அதைக் கவ்விப் பிடித்துப் பூட்டிக்கொள்ளும். 50 மி.மீ. குண்டுக்கு 50 மி.மீ. கிண்ணம்தான் பொருந்த வேண்டும். அளவு சிறிது மாறினாலும் மேட்டில் ஏறும்போது கழன்றுவிடலாம்.

கொக்கியை பம்பரில் மாட்டவே கூடாது. சேஸிஸில், தயாரிப்பாளர் குறித்த இடத்தில், போல்ட் போட்டு முடுக்க வேண்டும். கண்ட இடத்தில் துளையிட்டாலோ வெல்டிங் வைத்தாலோ சேஸிஸ் அந்த இடத்தில் பலம் குறைந்து விரிசல் விடும். போல்ட்டின் தலையில் 8.8 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். 4.6 என்ற சாதாரண போல்ட்டைவிட அது இரண்டு மடங்கு இழுவையைத் தாங்கும்.

சுமையை எங்கே வைப்பது?

டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மீது அமர வேண்டும். பின்பக்கம் பாரம் கூடினால் டிரெய்லர் பாம்புபோல வளைந்து ஆடும். ஆட ஆரம்பித்தால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். பிரேக்கை அழுத்தி மிதிக்கக் கூடாது.

700 கிலோ டிரெய்லர் என்றால் கொக்கியில் 70 கிலோ. மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில், கொக்கி உயரத்துக்குக் கட்டை வைத்து, அதன்மேல் டிரெய்லர் முனையை இறக்கினால் எடை தெரிந்துவிடும். கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருந்து, இரண்டு அச்சுகளுக்கும் இடையே 3 மீட்டர் இருந்தால், இந்த 70 கிலோ பின் அச்சில் 98 கிலோவாக இறங்கும். முன் அச்சில் 28 கிலோ குறையும். ஆகவே தொட்டியிலும் முழுச் சுமை ஏற்றிக்கொண்டு டிரெய்லரையும் இழுக்கக் கூடாது. தண்ணீர் டேங்க் என்றால் முழுதாக நிரப்ப வேண்டும், இல்லையென்றால் காலியாக இருக்க வேண்டும். அரைகுறையாக நிரப்பினால் தண்ணீர் அலைமோதி வண்டியை உலுக்கும்.

கிளம்பும் முன்

பூட்டிய பிறகு டிரெய்லர் முனையை ஜாக்கியால் சற்று உயர்த்த வேண்டும். வண்டியின் பின்புறமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு சரியாக விழுந்திருக்கிறது. இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளைக் கொக்கிக்குக் கீழே குறுக்காக மாட்ட வேண்டும். கொக்கி கழன்றாலும் டிரெய்லர் முனை தரையில் குத்தாமல் அவை தாங்கும். திருப்பத்துக்குத் தேவையான தளர்ச்சி இருக்கட்டும், தரையில் உரசக் கூடாது. டிரெய்லரின் பின்னால் பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், சிவப்பு ஒளிர் பட்டை கட்டாயம். ஆட்களை ஏற்றவே கூடாது.

உரம், தீவனம், காய்கறி மூட்டைகளுக்கு வண்டியின் தொட்டியே போதும். சக்கரத்தோடு வரும் இயந்திரத்தை அடிக்கடி வயலுக்குக் கொண்டுபோக வேண்டியவருக்கு மட்டுமே கொக்கி தேவைப்படும். அவரும் கணக்கு, கையேடு, அனுமதி மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் பட்டறைக்குப் போகலாம்.