கெலவரப்பள்ளி நுரையும் கடலூர்ச் சிப்பியும்

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் தென்பெண்ணை வெள்ளை நுரையாகப் பொங்குகிறது. மழை வலுத்த நாட்களில் நுரை தரைப்பாலத்தையே மூடிப் போக்குவரத்தை நிறுத்தியதும் உண்டு. செய்தி வரும், அதிகாரிகள் மாதிரி எடுப்பார்கள், பாசனத்துக்கும் குடிநீருக்கும் என்ன ஆகும் என்ற கேள்வி எழும். அது நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஆறு அணையோடு முடிவதில்லை. கடலூருக்கு அருகே தாழங்குடாவில் அது வங்கக்கடலில் கலக்கிறது. கடல்நீரின் அமிலத்தன்மை கூடுவதைப் பற்றிய பேச்சில் ஓசூருக்கு இடம் உண்டு என்பது இதனால்தான்.

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கிழக்குப் புறநகரை ஒட்டி இறங்குகிறது. நகரின் சாக்கடை சேரும் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரிநீர் இதில்தான் விழுகிறது. 2015இல் வர்த்தூர் ஏரியின் நுரை சாலைக்கே பறந்து வந்தது. பெல்லந்தூர் ஏரி 2015, 2017, 2018 ஆண்டுகளில் தீப்பிடித்து எரிந்தது. அந்த நீர்தான் கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடக்கிறது. வழியில் ஓசூர், கிருஷ்ணகிரி ஊர்களின் கழிவும் சேர்கிறது. பழி முழுவதையும் எல்லைக்கு அப்பால் தள்ளிவிட முடியாது.

கடல் அமிலமாவது என்றவுடன் அலைநீர் எலுமிச்சைச் சாறுபோல் ஆகிவிடும் என்று எண்ண வேண்டாம். கடல்நீர் இன்றும் காரத்தன்மை உள்ளதுதான். தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பின் பிஎச் அளவு இப்போது 8.1க்கு அருகில் நிற்கிறது. பார்வைக்குச் சிறிய இறக்கம். ஆனால் பிஎச் மடக்கைக் கணக்கு என்பதால் ஹைட்ரஜன் அயனிகள் ஏறத்தாழ 30 சதவீதம் கூடிவிட்டன என்று இதற்குப் பொருள். மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் கால் பங்கைக் கடல் விழுங்கிக்கொள்கிறது. நீரில் கரைந்த அந்த வாயு கார்பானிக் அமிலமாகிறது. அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன், கடல்நீரில் உள்ள கார்பனேட்டைப் பிடித்துக்கொள்கிறது. சிப்பியும் மட்டியும் சங்கும் ஓடு கட்டுவது அந்தக் கார்பனேட்டைக் கொண்டுதான்.

இது வானத்திலிருந்து வரும் அமிலம். கரையோரத்தில் தரைவழியாகவும் ஒன்று வருகிறது. சாக்கடையும் சோப்புத்தூளும் வயல் உரமும் சுமந்து வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் முகத்துவாரத்தில் பாசியைப் பெருக்குகின்றன. பாசி மடிந்து அழுகும்போது நுண்ணுயிரிகள் நீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விடுகின்றன. மூச்சுக்காற்று குறைவதும் அமிலம் கூடுவதும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இதைத்தான் கரையோர அமிலமாதல் என்கிறார்கள்.

மூன்று அணைகள் குறுக்கே நிற்கும்போது ஓசூர் நுரைக்கும் கடலூர்க் கடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஆண்டின் பெரும்பகுதியில் இந்தக் கேள்வி சரியே. அழுக்கின் பெரும்பங்கு அணைகளிலேயே தங்கி வண்டலாகப் படிகிறது. ஆனால் மழை பொய்க்காத ஆண்டுகளில் கணக்கு மாறும். 2024 டிசம்பர் முதல் நாட்களில் ஃபெஞ்சல் புயல் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழையைக் கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.6 லட்சம் கனஅடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்ட ஆற்றங்கரை ஊர்கள் மூழ்கின. அப்படிப்பட்ட வெள்ளம், மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்ததை ஓரிரு நாளில் கடலுக்கு அடித்துச் செல்கிறது. ஆற்றுநீரில் கடல்நீரைவிடக் கார்பனேட் மிகக் குறைவு. ஆகவே முகத்துவாரச் சிப்பிக்கு முதல் அடி அந்த நன்னீரால் விழுகிறது. சேறு அடங்கி வெயில் பட்டதும் பாசி கிளம்புகிறது. இரண்டாவது அடி அது.

வளர்ந்த சிப்பி ஓரளவு தாங்கும். குஞ்சுதான் தாங்காது. முட்டையிலிருந்து வந்த சிப்பிக் குஞ்சு, முதல் ஓரிரு நாளுக்குள் தன் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும். அதற்குரிய சக்தி முட்டையில் இருந்த சேமிப்பு மட்டுமே. கார்பனேட் அரிதான நீரில் ஓடு கட்டவே அந்தச் சேமிப்பு தீர்ந்துவிடும். இரை தேடத் தெம்பு மிஞ்சாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் விஸ்கி கிரீக் என்ற சிப்பிக் குஞ்சுப் பண்ணை 2007, 2008இல் இப்படித்தான் குஞ்சுகளைக் கூட்டம் கூட்டமாக இழந்தது. முதலில் கிருமி என்று சந்தேகித்தார்கள். ஆழ்கடலிலிருந்து மேலெழுந்த அமிலம் மிகுந்த நீரே காரணம் என்று பிறகு தெரிந்தது. தொட்டிக்குள் வரும் நீரில் சோடியம் கார்பனேட்டைக் கலந்து பண்ணையைக் காப்பாற்றினார்கள். தொட்டிக்கு அது போதும். முகத்துவாரத்துக்கு ஆகாது.

தமிழ்நாட்டுக்கு இதில் இழக்க நிறைய இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலாக முத்துச்சிப்பியில் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டியது, 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்தான். ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரங்கள் சிலவற்றின் முகப்பில் பளபளப்பதும் சிப்பியின் உள்ளோடுதான். அந்தப் பளபளப்பு அரகோனைட் என்ற வகைக் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. மற்றொரு வகையான கால்சைட்டைவிட இது அமிலத்தில் எளிதில் கரையக்கூடியது.

புகைக்கும் இதில் பங்குண்டு. தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் விசாகப்பட்டின மைய விஞ்ஞானிகள் 1991, 2011 ஆண்டுகளின் அளவீடுகளை ஒப்பிட்டனர். வடமேற்கு வங்கக்கடலின் கரையோரத்தில் அமிலத்தன்மை கூடியிருந்தது. நிலத்திலிருந்து காற்று கொண்டுவந்து சேர்க்கும் சல்பேட், நைட்ரஜன் துகள்களை அதற்குக் காரணமாகச் சுட்டினர்.

உலகின் கார்பன் புகையைக் குறைப்பது ஓசூரால் தனியே முடிகிற காரியம் அல்ல. ஆற்றில் இறங்கும் சத்துக்கழிவைக் குறைப்பது உள்ளூரில் முடிகிற காரியம். வாஷிங்டன் மாநிலம் கடல் அமிலமாவதை ஆராய அமைத்த நிபுணர் குழு, 2012 அறிக்கையில் சொன்ன பரிந்துரைகளில் ஒன்று, நிலத்திலிருந்து வரும் சத்துக்கழிவைக் கட்டுப்படுத்துங்கள் என்பதே. வழக்கமான சுத்திகரிப்பு நிலையம் அழுகும் கழிவைத்தான் முக்கியமாக நீக்கும். நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் எடுக்க இன்னொரு கட்டம் வேண்டும். 2019இல் மாநகராட்சியாகி வேகமாக விரியும் ஓசூர், புதிதாகக் கட்டும் ஒவ்வொரு நிலையத்திலும் அந்தக் கட்டத்தைச் சேர்க்க வேண்டும். பெங்களூரிடமும் அதையே கேட்க வேண்டும். தென்பெண்ணை பற்றிய இரு மாநிலப் பேச்சுகளில் எத்தனை டிஎம்சி என்பதோடு, அதில் எவ்வளவு நைட்ரஜன், எவ்வளவு பாஸ்பரஸ் என்ற கணக்கும் மேசைக்கு வர வேண்டும்.