குடம்புளிச் சத்துக்கு ஒரு கவசம்: ஸிப் பைல் சொல்லும் பாடம்

பைல்களை இமெயிலில் அனுப்பும்போது ஸிப் செய்து அனுப்புகிறோம் அல்லவா? வழியில் எதுவும் சிதறாமல் சென்று, சேர வேண்டிய கம்ப்யூட்டரில்தான் அது பிரிக்கப்படுகிறது. உணவுத் துறையிலும் இதைப் போன்ற ஒரு வேலை நடக்கிறது. அதற்கு என்கேப்சுலேஷன், அதாவது உறையிடுதல் என்று பெயர். ஸிப் செய்தால் அளவு குறையும், இங்கே குறையாது. பாதுகாப்புதான் நோக்கம்.

எங்கள் குழித்துறைப் பக்கம் மீன்கறிக்குக் குடம்புளி போடுவோம். கார்சினியா இனத்தைச் சேர்ந்த பழம் இது. இதன் புளிப்புக்கு முக்கியக் காரணம் ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம், சுருக்கமாக எச்.சி.ஏ. இதைத் தனியே எடுத்து உணவில் சேர்ப்பது எளிதல்ல. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும், சூடும் ஆகாது.

1950ல் தொடங்கப்பட்ட மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தினர் இதற்கு ஒரு வழி கண்டு, 2013ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பால் திரிந்தபின் மிஞ்சும் நீரில் உள்ள வே புரோட்டீன், ஸ்டார்ச்சிலிருந்து கிடைக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் ஆகியவற்றைக் கார்சினியா சாற்றுடன் கலந்தனர். கலவையை உறைய வைத்து, காற்றழுத்தம் மிகக் குறைந்த அறையில் வைத்தால், பனிக்கட்டி நீராகாமல் நேராக ஆவியாகிவிடும். மிஞ்சும் தூளில் எச்.சி.ஏ. உறைக்குள் இருக்கும். இந்தத் தூளை மாவில் சேர்த்து ரொட்டி சுட்டனர். வே புரோட்டீன் உறையிட்ட தூள் சேர்த்த ரொட்டி நன்கு உப்பி மென்மையாக வந்தது. ஓவன் சூட்டையும் தாண்டி எச்.சி.ஏ. அதில் தங்கியிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஸிப் செய்வதால் பயனற்ற பைல் பயனுள்ளதாகிவிடாது. உறையும் அப்படித்தான். சத்தைக் கெடாமல் கொண்டு சேர்க்கும். அந்தச் சத்து பலன் தரும் என்பதற்கு அது சாட்சி அல்ல.

புதிதாக இன்டர்நெட் இணைப்பு பெற்றவர்கள் கார்சினியா என்று தேடினால், உடல் எடை குறைக்கும் மாத்திரை விளம்பரங்கள் வரிசையாக வரும். பணம் கட்டும் முன் இவற்றைச் செய்திடுங்கள்.

1. தேடல் முடிவின் மேல் ஸ்பான்ஸர்டு என்று இருந்தால் அது விளம்பரம். அதைத் தாண்டிச் செல்லவும்.

2. கூகுள் ஸ்காலர் தளத்திற்குச் சென்று தேடவும். அங்கு ஆய்வுக் கட்டுரைகள் கிடைக்கும். எத்தனை பேரிடம், எத்தனை வாரம் சோதித்தார்கள் என்று பார்க்கவும். 1998ல் அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் வந்த ஆய்வில் 135 பேர் 12 வாரம் கலந்துகொண்டனர். வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிடக் கார்சினியா எடுத்தவர்களுக்கு எடை குறிப்பிடும்படி குறையவில்லை.

3. பக்க விளைவை அறிய லிவர்டாக்ஸ் தளத்தைப் பார்க்கவும். கார்சினியா மாத்திரை எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் அதில் தரப்பட்டுள்ளன.

மீன்கறியில் இரண்டு துண்டு புளி போடுவது வேறு. செறிவான சாற்றை மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. வீட்டில் யாராவது அந்த மாத்திரைக்கு ஆர்டர் கொடுக்கத் தயாராக இருந்தால், முதலில் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.