ஜமுக்காளத்தில் பட்டாசு வாடையா? சாம்பிராணி போடாதீர்கள்!

விருதுநகர்:-

குடிபோன வாடகை வீட்டில் பாயை விரித்தாலும் வீச்சம், ஜமுக்காளத்தை விரித்தாலும் வீச்சம். மூக்கைப் பிடித்துக்கொண்டு சாம்பிராணிக் கரண்டியைத் தேடுகிறீர்களா?

கொஞ்சம் பொறுங்கள். அது என்ன வாடை என்று முதலில் பாருங்கள்!

மற்ற ஊர்களில் இது மூக்கோடு போகிற சங்கதி. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் சில வீடுகளில் இது உயிர் சங்கதி.

வழக்கமாக நடப்பது இதுதான். வேலை மாற்றலாகி வந்த குமாஸ்தா ஒருவர் லைன் வீடு பார்க்கப் போகிறார். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. தரையில் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது.

"அண்ணாச்சி, உள்ளே ஒரு மாதிரி வாடை வருதே?"

"பூட்டிக் கெடந்த வீடு தம்பி. ரெண்டு நாள் சாம்பிராணி போடுங்க, சரியாப் போயிரும்."

அட்வான்ஸ் கைமாறுகிறது. ஜாமான் செட்டு இறங்குகிறது. பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன ஜமுக்காளம் ஒன்று பரணில் கிடக்கிறது. "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வீணாக்கணும்" என்று அம்மா எடுத்து விரித்துவிடுகிறார்.

இரவு படுத்தால் தலையணை வழியாக ஏறுகிறது வாடை!

கந்தக வாடை

தீபாவளிக்கு மறுநாள் தெருவில் அடிக்குமே, அந்த வாடை. அல்லது தீப்பெட்டியை மூக்கருகே வைத்தது போன்ற நெடி. இது ஜமுக்காளத்திலோ, பரணிலோ, தரை மூலையிலோ வந்தால் அந்த வீட்டில் முன்பு என்ன நடந்தது என்று விசாரிக்காமல் தீக்குச்சியைத் தொடக் கூடாது.

காரணம் இருக்கிறது.

பட்டாசு ஆலைக்கு ஒழுங்காக வேலைக்குப் போய் வருகிறவர்களின் சேலையிலும் சட்டையிலும் மருந்துத் தூசி ஒட்டிக்கொண்டு வரும். அப்படியே பாயில் உட்கார்ந்தால் பாய்க்கும் அது போகும். இதில் குற்றம் எதுவும் இல்லை. கஷ்டப்பட்டுச் சம்பாதித்த வாடை அது. அந்தத் துணிகளைப் பிள்ளைகள் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைத்தால் போதும்.

இன்னொன்றும் நடக்கிறது. வாடகைக்கு வீடு பிடித்து, உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, லைசென்சு இல்லாமல் கருந்திரியும் பட்டாசும் செய்வது! "வீட்டில் பதுக்கிய கருந்திரி பறிமுதல்" என்று இந்த வட்டாரத்தில் அடிக்கடி செய்தி வருகிறது. போலீஸ் வருகிறது என்று தெரிந்ததும் ராத்திரியோடு ராத்திரியாக காலி செய்து போய்விடுவார்கள். சரக்கு போய்விடும். தூசி போகாது.

2021 ஜூன் மாதம் சாத்தூர் அருகே தாயில்பட்டியில் இப்படி ஒரு வீட்டில்தான் வெடி விபத்து நடந்தது. சிறுவன் உள்பட 3 பேர் உயிர் போயிற்று.

ஜமுக்காளமே திரி!

கருந்திரி என்பது என்ன? பருத்தி நூலில் கருமருந்தை ஏற்றிக் காயவைத்தது. கருமருந்தில் நூற்றுக்கு சுமார் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம்.

சரி, ஜமுக்காளம் என்பது என்ன? அதுவும் பருத்தி நூல்தான். பவானி ஜமுக்காளம் என்றால் தடித்த நூல்.

கருந்திரி காய வைத்த அறையில் மாதக்கணக்கில் கிடந்த ஜமுக்காளத்தை ஒரு பெரிய திரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கத்தில் கனல் துண்டு போட்ட சாம்பிராணிக் கரண்டியைக் கொண்டுபோவதை நினைத்துப் பாருங்கள்!

எரிவதற்குக் காற்று வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வெடியுப்பு அந்தக் காற்றைத் தானே கொடுக்கும். அதனால்தான் இந்தத் தூசி ஏறிய துணியில் தீப்பட்டால் சாதாரணத் துணி போல மெதுவாகப் புகையாது. குப்பென்று ஓடும். போர்வையைப் போட்டு அமுக்கினாலும் அடங்காது.

இன்னொரு சங்கடம். வெடியுப்புக்கு வாடை கிடையாது. அலுமினியப் பவுடருக்கும் அப்படித்தான். காட்டிக்கொடுப்பது கந்தகம் மட்டுமே. அதனால் வாடை லேசாக இருக்கிறது, மருந்தும் லேசாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போடக் கூடாது.

மூக்கோடு கண்ணையும் துணைக்கு வையுங்கள். தரை மூலையில், பரண் இடுக்கில், கதவு நிலைக்கு அடியில் வெள்ளி போல மினுங்கும் சாம்பல் நிறத் தூசி தெரிகிறதா? கறுத்த நூல் துண்டுகள் கிடக்கின்றனவா? பேப்பர் குழாய்கள் கிடக்கின்றனவா?

(சுவர் அடியில் வெள்ளையாகப் பொரிந்து உதிர்வது வேறு. அது உவர். அதற்குப் பின்னால் வருகிறேன்.)

செய்யக் கூடாதவை

தூசி கண்ணுக்குத் தெரிந்தால் விளக்குமாறு எடுக்காதீர்கள். உரசல் போதும், சில மருந்துகள் பற்றிக்கொள்ளும். ஜமுக்காளத்தை உதறாதீர்கள். குச்சியால் அடிக்காதீர்கள். தூசி உறிஞ்சும் மிஷின் வேண்டவே வேண்டாம். அதற்குள் மோட்டாரும் தீப்பொறியும் இருக்கின்றன.

நைலான் கார்ப்பெட் என்றால் இன்னும் கவனம். உரசினால் அதில் மின்சாரம் பிறக்கும். பட்டாசு ஆலைகளில் நைலான் துணி கூடாது, பருத்திதான் உடுத்த வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

"ஒரு வாளித் தண்ணீரை ஊத்திவிட்டால் போச்சு" என்று சிலர் நினைப்பார்கள். குவியலாக மருந்து கிடந்தால் அதுவும் ஆபத்து! அலுமினியப் பவுடரும் நைட்ரேட்டு உப்பும் கலந்த மருந்து அரைகுறையாக நனைந்தால் தானாகவே சூடேறும். சில மணி நேரம் கழித்து, ஆள் இல்லாத நேரத்தில் பற்றிக்கொள்ளும். நனைந்துவிட்டது, இனி பயமில்லை என்று அதன் பக்கத்திலேயே படுத்துவிடக் கூடாது.

அப்படியானால் என்ன செய்வது? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் வேண்டாம். ஸ்விட்சையும் தொட வேண்டாம். தீயணைப்பு நிலையத்துக்கு 101, போலீசுக்கு 100, எல்லாவற்றுக்கும் பொதுவாக 112. சொன்னால் வருவார்கள். "போலீஸ் நம்ம மேலேயே கேஸ் போட்டுருவாங்களோ" என்று பயந்து, ராத்திரியில் சாக்கில் கட்டிக் கண்மாய்க்கரையில் கொட்டுவதுதான் பெரிய வினை. மறுநாள் அங்கே ஆடு மேய்க்கிற பையன் கையில் அது கிடைக்கும்.

தூசி எதுவும் தெரியவில்லை, வாடை மட்டும் இருக்கிறது என்றால் ஜமுக்காளத்தை அலுங்காமல் சுருட்டி வெளியே கொண்டுபோய், பெரிய தொட்டியில் முழுக்க முங்கும்படி தண்ணீரில் போடுங்கள். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றுங்கள். வெடியுப்பு தண்ணீரில் கரைந்து போய்விடும். அந்தத் தண்ணீரை மாடு குடிக்கும்படி விட வேண்டாம். பேரியம் உப்பு கலந்திருந்தால் அது விஷம். பேரியம் உப்பைப் பட்டாசில் சேர்க்கவே கூடாது என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது. லைசென்சே இல்லாமல் செய்கிறவர்கள் தடையைப் பார்த்தா செய்வார்கள்?

இவ்வளவு பாடுபடுவதை விட, பரணில் கிடந்த ஓசி ஜமுக்காளத்தை எடுக்காமல் இருப்பது லாபம் என்பது என் அபிப்பிராயம்.

மற்ற வீச்சங்கள்

எல்லா வீட்டிலும் மருந்து வாடை அடிக்காது. நூற்றில் தொண்ணூறு வீட்டில் மூத்திர வாடை, புளித்த பசை வாடை, எண்ணெய்ச் சிக்கு, ஓதம் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இதில் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. மூத்திரம் நாள்பட்டால் அதிலிருந்து அம்மோனியா கிளம்பும். அது காரம். அதை அடக்கப் புளிப்பு வேண்டும். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து நனைத்து, அரை மணி கழித்து அலசுங்கள். பச்சைத் தண்ணீரே போதும். வெந்நீர் ஊற்றினால் கறை இன்னும் இறுகும்.

பேப்பர் குழாய் உருட்டுவது, பெட்டி ஒட்டுவது எல்லாம் இந்த ஊரில் வீட்டு வேலை. மைதாப் பசை பாயில் சிந்திப் புளித்துப்போகும். விருதுநகர் என்றால் எண்ணெய்ப் புரோட்டா. பொட்டலம் பிரித்த இடத்தில் எண்ணெய் ஊறிச் சிக்கு வாடை அடிக்கும். இவை இரண்டும் புளிப்பு ஜாதி. இதற்கு ஆப்ப சோடா. இரவு தூவி வைத்து காலையில் தட்டிவிடலாம்.

மூத்திரத்துக்கு சோடாவையும் பசைக்கு வினிகரையும் போட்டுவிட்டு "பலனே இல்லை" என்று சொல்கிறவர்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கலக்குகிறவர்களும் உண்டு. நுரை பொங்கும். பார்க்க ஜோராக இருக்கும். ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு தீர்ந்துவிடும், வாடை அப்படியே நிற்கும்!

பிளீச்சிங் பவுடரை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். வினிகரோடு சேர்ந்தாலும், மூத்திரத்தோடு சேர்ந்தாலும் விஷ வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத அறையில் மூச்சு முட்டிவிடும். போதாததற்கு ஜமுக்காளத்தின் சாயமும் போய்விடும்.

கோரைப்பாய் என்றால் ஊறப்போடக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவைத்தால் போதும்.

குற்றவாளி தரை!

எத்தனை தடவை துவைத்தாலும் விரித்த மறுநாள் வாடை திரும்ப வருகிறதா? அப்படியானால் ஜமுக்காளத்தின் மேல் குற்றம் இல்லை. தரையைப் பாருங்கள்.

ஒரு பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப்பு ஒட்டி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் கீழிருந்து ஓதம் ஏறுகிறது என்று அர்த்தம். உவர் மண் உள்ள இடங்களில் இது சகஜம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதிகமாகும்.

வீட்டுக்காரர் விரித்துக் கொடுத்த பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்புதான் இதற்கு மூடி! மேலே பளபளப்பு, அடியில் பூசணம். அதைச் சுருட்டி எடுத்து, தரையைக் கழுவி, இரண்டு நாள் கதவு ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி வாடை போய்விடும். மீதிக்கு சிமெண்டு பூச்சு வேலை செய்ய வேண்டும். அது குடித்தனக்காரர் வேலை இல்லை.

அட்வான்சில் பிடிப்பார்களா?

பிடிக்கப் பார்ப்பார்கள். "நீங்க வந்தப்புறம்தான் வாடை" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் புதிய வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 1960-ம் ஆண்டு சட்டம் போய்விட்டது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடித்தனக்காரர் கொடுக்கவேண்டியது ஏதும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். கட்டிட ரிப்பேரும் வெள்ளையடிப்பும் வீட்டுக்காரர் பொறுப்பில் வருபவை.

ஆகவே குடிபோகிற அன்றே தரை, சுவர், பரண் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். வாடையைப் போட்டோ எடுக்க முடியாது. "குடிவரும்போதே தரையில் ஓதம் இருந்தது" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

வீட்டுக்கார அண்ணாச்சிகளுக்கும் ஒரு வார்த்தை. கூட நாலு காசு வாடகை கிடைக்கிறது என்று யாருக்கு வீடு விடுகிறோம் என்று பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். 1908-ம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் 6-வது பிரிவில், தெரிந்தே இடம் கொடுத்து உதவியவர்களும் குற்றவாளிகள்தான். "வாடகைக்கு விட்டேன், எனக்கொண்ணும் தெரியாது" என்று சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு மூன்று மாதமாக அடித்த கந்தக வாடை, மாதா மாதம் வாடகை வாங்க வந்த உங்கள் மூக்குக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று கோர்ட்டில் கேட்பார்கள்.